பழைய எஞ்சினுக்கு உறுப்பு எங்கே கிடைக்கும்?

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் வழியில் கள்ளிக்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். படகுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் உண்டு.

அந்த ஊரில் ஒரு சிறிய லேத் பட்டறை இருப்பதாகவும், விடுமுறையில் நீங்கள் அங்கே உதவிக்குப் போவதாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருநாள் காலையில் லாரி ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு பழைய படகு எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்குகிறார்கள். இங்கிலாந்தில் செய்தது; ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்; உங்கள் தாத்தாவின் வயது. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மேல்புறமெல்லாம் உப்பும் துருவும்.

பட்டறை மேஸ்திரி அதைச் சுற்றி வந்து பார்க்கிறார். "தம்பி, நோட்டை எடு. ஒன்று ஒன்றாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்" என்கிறார்.

நீங்கள் எழுதுவது இது. ஒன்று: பம்பின் பந்து பேரிங் இறுகிவிட்டது. இரண்டு: நான்கு போல்ட்டுகளைக் காணோம். மூன்று: பிஸ்டன் வளையங்கள் உடைந்திருக்கின்றன. நான்கு: வார்ப்பிரும்பு மூடி ஒன்று இரண்டாக விரிந்திருக்கிறது. ஐந்து: கடல்நீர் பம்பின் பித்தளை உறை அரித்துப்போயிருக்கிறது. ஆறு: கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது.

ஆறு உறுப்புகள். அவற்றை விற்கும் கடை உலகில் எங்கும் இல்லை. அப்படியானால் எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிட வேண்டியதுதானா? பொறுங்கள். நோட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

எண்ணே முகவரி

முதலில் பந்து பேரிங். அதைத் துடைத்துப் பார்த்தால் விளிம்பில் 6205 என்று ஓர் எண் தெரிகிறது. மேஸ்திரி சிரிக்கிறார். ஏன் தெரியுமா? அந்த எண் எஞ்சின் கம்பெனி கொடுத்ததன்று. உலகம் முழுவதும் பேரிங் செய்பவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட எண். கடைசி இரண்டு இலக்கங்களை 5 ஆல் பெருக்குங்கள்: 05 × 5 = 25. அதாவது உள்துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6205 என்றால் இதே அளவுதான். எஞ்சின் கம்பெனி மூடிவிட்டது. ஆனால் பேரிங் அடுத்த கடையிலேயே கிடைக்கிறது.

இதுதான் தரப்படுத்துதல் என்பதன் பயன். இதற்குக் கப்பல் உலகில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-க்கும் 1945-க்கும் இடையில், அமெரிக்காவில் 2,710 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரே வகை நீராவி எஞ்சின்: 2,500 குதிரைத்திறன், ஏறக்குறைய 140 டன் எடை, 6 மீட்டருக்கு மேல் நீளம். 18 கம்பெனிகள் இந்த எஞ்சினைச் செய்தன. ஆனால் ஒரு கம்பெனி செய்த உறுப்பு மற்றொரு கம்பெனியின் எஞ்சினில் அப்படியே பொருந்தியது! 1943-இல் கட்டிய 'ஜெரமையா ஓ'பிரையன்' என்ற லிபர்ட்டி கப்பல், முப்பது ஆண்டுகளுக்கு மேல் சும்மா நிறுத்தப்பட்டிருந்த பின்பு 1979-இல் தன் சொந்த எஞ்சினாலேயே புறப்பட்டது. 1994-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பிரான்சு வரை போய்த் திரும்பியது. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு உறுப்பு தேடுகிறவருக்கு, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பலே கிடங்காகிவிடும்.

நம் நாட்டிலும் இத்தகைய கிடங்கு ஒன்று உண்டு. குஜராத்தில் அலங் கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அங்கே பிரித்தெடுக்கும் பம்புகள், வால்வுகள், எஞ்சின் உறுப்புகள் சுற்றுவட்டாரக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. ஒரு கப்பலின் முடிவு மற்றொரு கப்பலின் ஆயுள்.

இன்னும் வேடிக்கையான கதை ஒன்று கேளுங்கள். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 'லிஸ்டர்' கம்பெனி 1930-ஆம் ஆண்டையொட்டி ஓர் ஆயில் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெதுவாகச் சுற்றும், நிமிடத்துக்கு 600 சுற்று. ஆனால் சளைக்காமல் உழைக்கும். 1987-இல் அங்கே அதன் உற்பத்தி நின்றது. ஆனால் குஜராத்தில் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகள் அதே வடிவத்தில் எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தன. ஆகவே, பழைய லிஸ்டரைப் புதுப்பிக்க விரும்பிய வெளிநாட்டுக்காரர்கள் இந்தியாவிலிருந்து உறுப்புகளை வரவழைத்தார்கள்! தாய்நாட்டில் கிடைக்காத உறுப்பு, வயல்வெளிக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் நாட்டில் கிடைத்தது.

பொருந்துவதுபோல் ஏமாற்றும் போல்ட்டு

இரண்டாவது, போல்ட்டு. நான்கு போல்ட்டுதானே, ஹார்டுவேர் கடையில் வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறதா? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் போல்ட்டு மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மரையின் இரு சரிவுகளுக்கும் இடையே 55 பாகைக் கோணம். அரை அங்குல போல்ட்டுக்கு ஓர் அங்குல நீளத்தில் 12 மரைகள். பழைய ஆங்கில எஞ்சின்களில் பெரும்பாலும் இந்த மரைதான். பின்னாளில் வந்த அமெரிக்க முறையில் கோணம் 60 பாகை. அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்தில் 13 மரைகள். இப்போது கடையில் சுலபமாகக் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டில் 12 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர் இடைவெளி.

விட்வொர்த் துளையில் அமெரிக்க போல்ட்டைப் போட்டால் என்ன ஆகும்? 25.4-ஐ 12 ஆல் வகுத்தால் 2.12 மில்லிமீட்டர். 13 ஆல் வகுத்தால் 1.95 மில்லிமீட்டர். முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறும். "ஆகா, பொருந்துகிறது!" என்று எண்ணி ஸ்பானரால் முறுக்கினால், மரைகள் ஒன்றை ஒன்று நசுக்கும். புது போல்ட்டு கெட்டால் பத்து இருபது ரூபாய் நஷ்டம். எழுபது வருடத்து வார்ப்பில் உள்ள மரை கெட்டால்?

கால் அங்குல அளவில் ஆபத்து இன்னும் நுட்பமானது. அங்கே இரண்டு முறைகளிலும் அங்குலத்துக்கு 20 மரைகள்! கோணம் மட்டுமே வேறு. போல்ட்டு முழுவதும் ஏறிவிடும். ஆனால் மரைகள் முழுப் பரப்பிலும் படியாமல் சில இடங்களில் மட்டும் தாங்கி நிற்கும். எஞ்சின் அதிர அதிர, அது தளரக்கூடும்.

ஆகவே மேஸ்திரி என்ன செய்கிறார்? சீப்புப் போன்ற பற்கள் உள்ள மரை அளவியை எடுத்து, மீதி இருக்கும் ஒரு பழைய போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். இடையே ஒளி தெரியாவிட்டால் அதுதான் சரியான மரை. பிறகு அதே அளவில் லேத்தில் நான்கு போல்ட்டுகளைக் கடைந்துவிடுகிறார்.

தேயாத இடத்தில் அளந்து பார்

மூன்றாவது, பிஸ்டன் வளையம். புது வளையம் செய்யச் சிலிண்டரின் விட்டம் தெரிய வேண்டும். நீங்கள் சிலிண்டரின் மேல்பகுதியில், வளையங்கள் உரசும் இடத்தில் அளக்கிறீர்கள்: 114.8 மில்லிமீட்டர். சற்றுக் கீழே 114.5. எது சரி?

இரண்டுமே சரியன்று. அவை தேய்ந்த சிலிண்டரின் அளவுகள். வளையம் ஒருநாளும் உரசாத இடம் சிலிண்டரில் எங்கே இருக்கிறது? யோசியுங்கள். பிஸ்டன் எவ்வளவு மேலே போனாலும், அதன் முதல் வளையம் சிலிண்டரின் உச்சி விளிம்பைத் தொடுவதில்லை. அங்கே ஒரு மெல்லிய பட்டை தேயாமல் நிற்கும். விரலால் தடவினாலே ஒரு படிபோலத் தட்டுப்படும். அந்த இடத்தில் அளந்தால் 114.3 மில்லிமீட்டர்.

இது என்ன விசித்திரமான எண்? 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 4½ அங்குலம்! படம் வரைந்த பொறியியலாளர் மேசைமேல் எழுதிய எண் இதுதான். அவர் எழுதிய காகிதம் தொலைந்துபோயிற்று. அவர் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆனால் இரும்பு அந்த எண்ணை மறக்கவில்லை.

மூல அளவு தெரிந்தபின் முடிவு செய்யலாம். தேய்மானம் அரை மில்லிமீட்டர். சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையமும் போடலாம். அல்லது உள்ளே ஒரு புது உறை செருகி மறுபடி 4½ அங்குலத்துக்கே கொண்டுவரலாம்.

ஒன்றுக்கு நூறு

நான்காவது, விரிந்துபோன வார்ப்பிரும்பு மூடி. இதற்குப் புது வார்ப்புத்தான் வழி. உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அதையே மணலில் அழுத்தி அச்சு எடுத்து, உருகிய இரும்பை ஊற்றிவிடலாமா?

ஊற்றலாம். ஆனால் வருவது சிறியதாக இருக்கும். உருகிய இரும்பு ஆறிக் கெட்டியாகும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்புக்கு இந்தச் சுருக்கம் ஏறக்குறைய 100-க்கு 1. மூடியின் நீளம் 300 மில்லிமீட்டர் என்றால், புது வார்ப்பு 297 மில்லிமீட்டரே இருக்கும். போல்ட்டுத் துளைகள் ஒன்றும் சேரா.

அதனால்தான் மர மாதிரி செய்யும் ஆசாரியிடம் ஒரு தனி அளவுகோல் இருக்கும். அதில் 100 என்று எழுதியிருப்பது உண்மையில் 101 மில்லிமீட்டர். 'பொய் சொல்லும் அளவுகோல்' என்று அதைச் சொல்லலாம். ஆனால் அது சொல்லும் பொய்யால்தான் வார்ப்பு மெய்யாகிறது. 300 வேண்டுமானால் மாதிரி 303. பிறகு கடைசலில் சீவி எடுக்க வேண்டிய பக்கங்களில் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல். இப்போது மாதிரியைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கிலும் எடுக்கிறார்கள். மாதிரி எதனால் ஆனாலும், இரும்பு சுருங்கும் கணக்கு மாறுவதில்லை.

இந்த இடத்தில்தான் கள்ளிக்குப்பத்தின் சம்பந்தம் விளங்கும். மிக அருகில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1964-இல் ஏற்பட்டது. வார்ப்பு, கடைசல், பற்சக்கரம் வெட்டுதல், வெப்பப் பதம் செய்தல் என்று ஒவ்வொரு வேலைக்கும் சிறு பட்டறைகள் அங்கே உண்டு. கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பெரம்பூர் ரயில் எஞ்சின் பட்டறை. அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து இந்தியாவுக்கு வந்த நீராவி ரயில் எஞ்சின் ஒன்று உண்டு. அதன் பெயர் ஈ.ஐ.ஆர்.-21. 1909-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது வெறும் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 155 வயது எஞ்சினுக்கு எந்தக் கடையில் உறுப்பு கிடைக்கும்? பட்டறையே கடையாயிற்று. இல்லாதவற்றையும் கெட்டுப்போனவற்றையும் அளந்து, செய்து, பொருத்தினார்கள். 2010 ஆகஸ்டு 15 அன்று அது மறுபடி ஓடியது. அதே 1855-இல் அதே லீட்ஸில் பிறந்த 'ஃபேரி குயீன்' எஞ்சினின் உறுப்புகள் பல 2011-இல் களவுபோயின. அதையும் பெரம்பூரில்தான் சீர்செய்தார்கள். திருடியவனுக்கு அது எடைக்குப் போடும் பித்தளை; மற்றவர்களுக்கு, உலகில் வேறு எங்கும் இல்லாத உறுப்பு.

திருச்சி பொன்மலைப் பட்டறை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நீலகிரி மலை ரயிலுக்கு எஞ்சின்கள் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தன. 1952-க்குப் பிறகு வரவில்லை. பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்து மாட்டியே உள்ளும் புறமும் அறிந்த பொன்மலைத் தொழிலாளர்கள், 2011 முதல் அதே வகையில் புது எஞ்சின்களையே செய்து தந்தார்கள். உறுப்பு செய்யக் கற்றவர்களுக்கு முழு எஞ்சினும் கைவந்தது.

கடலுக்கு எந்த உலோகம்?

ஐந்தாவது, கடல்நீர் பம்பின் உறை. படகு எஞ்சினுக்கும் வயல் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். படகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரையே உள்ளே சுற்றவிடுவார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நனைந்தால், உங்கள் சோதனைச்சாலை மின்கலம்போலவே ஆகிவிடும். ஒன்று கரையும், மற்றது பிழைக்கும்.

அரித்துப்போன உறையைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறம் தெரிகிறதல்லவா? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டு, கடற்பஞ்சுபோல் துளைத்த செம்பை விட்டுவிட்டது. வடிவம் அப்படியே இருக்கும், வலு இருக்காது. ஆகவே புது உறையைச் சாதாரணப் பித்தளையில் செய்யக்கூடாது. கன்மெட்டல் என்னும் வெண்கலத்தில் வார்க்க வேண்டும்: 100 பங்கில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2.

அத்துடன், நீர் ஓடும் பாதையில் ஒரு துத்தநாகத் துண்டையும் வைப்பார்கள். கரைய வேண்டியது எதுவோ அது அந்தத் துண்டாகவே இருக்கட்டும் என்பதற்காக! 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் அடித்த செம்புத் தகடுகளைக் காக்க இந்த யுக்தியைச் சொன்னார். துண்டு கரைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். பம்பு பிழைத்துக்கொள்ளும்.

தோற்பதற்கென்றே ஓர் உறுப்பு

ஆறாவது, பெரிய பேரிங். இங்கே பந்துகள் கிடையா. வெண்கல அல்லது எஃகு ஓட்டின் உட்புறம் வொயிட் மெட்டல் என்னும் மெத்தென்ற உலோகத்தைப் பூசியிருக்கும். வெள்ளீயம் ஏறக்குறைய 89 பங்கு; மீதி அந்திமனியும் செம்பும். 1839-இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் கண்டது. ஏறத்தாழ 240 டிகிரி செல்சியசில் உருகத் தொடங்கிவிடும். இவ்வளவு மெத்தென்ற உலோகத்தையா எஞ்சினின் முதுகெலும்புக்குக் கீழே வைப்பது?

ஆமாம். எண்ணெய் வற்றினாலோ, மணல் துகள் புகுந்தாலோ, தேய வேண்டியது பேரிங். விலை உயர்ந்த கிராங்க் ஷாஃப்ட் அன்று. துகள் மெத்தென்ற உலோகத்தில் புதைந்துவிடும். கெட்டியான நல்ல உலோகமாகப் போட்டால் உழைக்கும் என்று எண்ணிக் கடின எஃகை வைத்தவர், சில மணி நேரத்தில் ஷாஃப்டையே இழக்கலாம்.

பழைய ஓட்டை உருக்கி எடுத்து, புது உலோகம் ஊற்றி, கடைந்து, ஷாஃப்டின்மேல் வைத்து, நீல மை தடவி, உயர்ந்த இடங்களைச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துகிறார் மேஸ்திரி. 50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு இடைவெளி ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் கனம். இதை எப்படி அளப்பது? மெல்லிய ஈயக் கம்பியை இடையில் வைத்து மூடியை முறுக்குவார்கள். பிறகு திறந்து, நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். எவ்வளவு எளிமை!

ஓர் எச்சரிக்கை

இவ்வளவையும் படித்தபின் பழைய எஞ்சின் எதையாவது பிரித்துப் பார்க்க உங்கள் கை துறுதுறுக்கும். இரண்டு விஷயங்களில் மட்டும் பழையதை மதிக்கக்கூடாது. பழைய கேஸ்கட்டுகளிலும் வெப்பம் காக்கும் கயிறுகளிலும் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரும். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டவே கூடாது. விவரம் அறிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். கிராஃபைட்டுக் கேஸ்கட்டு இப்போது கிடைக்கிறது. இரண்டாவது, அழுத்தம் தாங்கும் கொதிகலன். அது மேலே நன்றாகத் தெரிந்தாலும் முறைப்படி சோதிக்காமல் மூட்டக்கூடாது.

இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. புதிதாகச் செய்த ஒவ்வோர் உறுப்பிலும், தெரியாத ஒரு மூலையில் ஆண்டைப் பொறித்துவிடுவார்கள். கழற்றிய பழைய உறுப்பைச் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துவார்கள். எது மூலம், எது மாற்று என்று பின்னால் வருகிறவர் குழம்பக்கூடாது அல்லவா? நாம் சிலிண்டரின் உச்சியில் 114.3-ஐத் தேடியதுபோல், எழுபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் நம் வேலையை அளந்து பார்க்கப்போகிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ பழைய போல்ட்டு ஒன்றைத் தேடி எடுங்கள். தையல் இயந்திரத்தின் கால்பகுதியிலும் பழைய கதவுத் தாழ்ப்பாளிலும் கிடைக்கும். துருவைத் துடைத்துவிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். அடுத்து 10 மரைகளின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து 10 ஆல் வகுங்கள். எந்தக் கணக்கில் முழு எண்ணோ நேரான எண்ணோ வருகிறது? அங்குலத்தில் வந்தால் அதன் பிறப்பு ஒரு முறை; மில்லிமீட்டரில் வந்தால் மற்றொரு முறை. நோட்டில் குறித்து வையுங்கள். மேஸ்திரி கேட்டால் சொல்ல வேண்டுமே!